ஒரு ஜோடி சின்ன பூட்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டை விட்டு வெளியே வந்ததும் அவள் செய்த முதல் காரியம், தெருமுனையில் நின்று வாய் நிறையக் கொட்டாவி விட்டதுதான். வீட்டுக்குள் விட்டிருந்தால், "ராத்திரி தூங்கலையா?" என்று கணவன் கேட்பான். "நான் கூப்பிட்டதாலதான் தூக்கம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக் காட்டறா" என்று உள்ளறையிலிருந்து மாமியார் பதில் சொல்வாள். ஒரு கொட்டாவிக்கு இத்தனை வம்பு எதற்கு? அதனால் கொட்டாவியைக்கூடத் தெருவுக்கு வந்து விடப் பழகியிருந்தாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வாரத்தில் ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம், ஓட்டத் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுவதுதான் வேலை. அந்தக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். உயிர் மேல் ஆசை இருக்கிற வரை அந்தக் காலை அதிலிருந்து எடுக்க முடியாது. "மெதுவா, மெதுவா, லாரி வருது, பிரேக், பிரேக்" என்று காலையிலிருந்து சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே வேறொரு வண்டி காத்திருக்கும். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் யாராவது பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த 'யாராவது' யார் என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. மழைத்தண்ணீர் பள்ளத்தைத் தேடிக்கொள்வதுபோல அது தானாக அவளிடம் வந்து சேர்ந்தது.

கணவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். எங்கே கசிகிறது என்று காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் அம்மாவின் அறை வாசலில் வந்து நின்றால் மட்டும், "என்ன பண்ணணும்?" என்று கேட்பான். அவள் சொல்வாள். அவன் செய்வான். மறுநாள் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்பான். சொல்வதைவிடச் செய்வது சுலபம் என்று அவளே செய்துவிடுவாள்.

கணவனுக்கு ஓர் அக்கா உண்டு. இரண்டு பேருந்து மாறினால் வந்துவிடுகிற தூரம். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை. அந்த வேலையால் வந்த குரலோ, அந்தக் குரலால் வந்த வேலையோ, பேச ஆரம்பித்தால் தேனில் முக்கி எடுத்ததுபோல இருக்கும். "வரணும்னுதான்மா நினைச்சேன், என்னன்னு சொல்ல..." என்று அந்தக் குரல் ஆரம்பித்தாலே, வரப்போவதில்லை என்று அர்த்தம். இந்த வாரமும் தம்பி கூப்பிட்டிருக்கிறான். "ஞாயித்துக்கிழமை அவளுக்கு ஏதோ டிரெயினிங்காம், நீ கொஞ்சம் வந்து அம்மாவைப் பாத்துக்கறியா?" இடுப்பில் பிடிப்பு, அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று பதில் வந்தது. அம்மாவுக்கு இடுப்பு என்றால் மகளுக்கும் இடுப்பு. வம்சத்து இடுப்பு போலிருக்கிறது என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் இடுப்பைப் பற்றிப் பேச அவளுக்கும் யோக்கியதை இல்லை. டிரெயினிங் என்பதும் பொய். தோளில் தொங்கிய பைக்குள், பழைய துண்டில் சுற்றி, முழங்கை நீளத்தில் ஒரு பொம்மை இருந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு கூடத்தில், பொம்மை சேகரிக்கிறவர்களின் கூட்டம் நடக்கிறது. அங்கேதான் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

பொம்மை என்றதும் குழந்தை விளையாடுகிற பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். இது பெரியவர்கள் வாங்குகிற ஜாதி. கை, கால், கழுத்து எல்லாம் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கும். எப்படி உட்காரவைத்தாலும் அப்படியே உட்காரும். கண்ணை மாற்றலாம், முடியை மாற்றலாம். அவளிடம் இப்படி ஐந்து இருந்தன. ஒன்றுதான் இருக்கிறது என்று கணவன் நினைத்துக்கொண்டிருந்தான். மற்றவை பரண்மேல் ஒரு பெட்டியில் கம்பளிக்குக் கீழே படுத்திருந்தன. ஏன் இந்தப் பைத்தியம் என்று அவளைக் கேட்டால் நேராகப் பதில் சொல்லத் தெரியாது. நாள் முழுவதும் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாத வண்டியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு, தான் நகர்த்தினால் ஒழிய நகராத ஒன்றோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

பையில் இருந்தவள் ஐந்தில் மூத்தவள். அவளுக்குப் பாதம் அகலம். அவளைச் செய்த கம்பெனி மூடிப்போய்விட்டதால், அந்த அளவுக்கு யாரும் செருப்பு செய்வதில்லை. வந்த நாளிலிருந்து வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். இந்த அகலப் பாதத்துக்கென்றே கையால் தோல் பூட்ஸ் தைக்கிற ஒருவர் கூட்டத்துக்கு வருகிறார் என்று போனில் படம் பார்த்ததும், சொந்தக்காரிக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. தனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கக்கூட அவள் இப்படிக் கிளம்பியதில்லை.

கூடத்தின் வாசலில் பெயர் ஒட்டுகிற மேசை இருந்தது. அங்கே இருந்த பெண் பேனாவைத் திறந்துகொண்டு, "உங்க பேர் போடவா, பொம்மை பேர் போடவா?" என்று கேட்டாள்.

"எதுவா இருந்தா என்ன?"

"நிறையப் பேர் பொம்மை பேர்தான் போட்டுக்கறாங்க. சொந்தப் பேரோட வந்தா வீட்டுல தெரிஞ்சிடும்னு பயம்."

சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. "மூத்தவள்னு போடுங்க" என்றாள். அந்தப் பெண் அப்படியே எழுதிச் சட்டையில் ஒட்டிவிட்டாள்.

உள்ளே நீள நீளமாக மேசைகள். கூட்டம் இருந்தது, ஆனால் சத்தம் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் பேசுவதுபோல எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள். ஒரு மேசையில் கண்ணாடிக் கண்கள், பழுப்பு ஒரு தட்டில், பச்சை ஒரு தட்டில், சாம்பல் ஒரு தட்டில், எல்லாம் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தன. இன்னொன்றில் உள்ளங்கை அகலக் குடைகள். ஒருவர் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். கீல் வைத்த பெட்டிகள், ஜிப் ஓடுகிற கோட்டுகள், நிஜமாகவே படிக்கக்கூடிய எழுத்துள்ள சுண்டுவிரல் நகமளவு புத்தகங்கள். மீசை வைத்த வாட்டசாட்டமான ஒரு மனிதர், குழந்தையைக் கட்டுகிற பையில் ஒரு பொம்மையை மார்போடு கட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த 'திரும்பிப் பாராமை' அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிடித்திருந்தாலும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. கண் இமை ஈரச்சாக்குபோலத் தொங்கியது. முன்னால் போன ஓர் அம்மாள் தள்ளுவண்டியைச் சடாரென்று திருப்பியபோது, அவள் கால் தானாகத் தரையை அழுத்தியது. பிரேக். இங்கேயும் பிரேக்.

பூட்ஸ்காரரின் மேசை கடைசி வரிசையில் இருந்தது. அவர் வாரநாளில் கூரியர் வண்டி ஓட்டுகிறவர், பூட்ஸ் தைப்பது விடுமுறை நாளில். அவள் போய் நின்றதும் அவர் கொட்டாவி விட்டார். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தார்கள்.

"அகலப் பாதத்துக்கு இருக்கா?"

"ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம்மா. அதோ அந்தப் பழுப்பு."

பெருவிரல் நீளத்தில் இரண்டு பூட்ஸ். கயிறு கோக்கத் துளைகள், அடியில் நிஜமான தோல். அவள் கையை நீட்டினாள். அதே நேரத்தில் பக்கவாட்டிலிருந்து இன்னொரு கை நீண்டது. சிவப்பு நகப்பூச்சு, நடுவிரலில் பட்டையான ஒரு மோதிரம். மோதிரத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நிமிர்ந்தாள். எதிரே நின்றவளின் சட்டையில் 'மகாராணி' என்று ஒட்டியிருந்தது. மனசுக்குள் பல வருடமாக அவள் யாருக்கு அந்தப் பெயரை வைத்திருந்தாளோ, அவளேதான், கணவனின் அக்கா.

"அண்ணி!"

"நீயா!"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல இரண்டு பேரும் நின்றார்கள். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

கடைசியில் அவள்தான் கேட்டாள். "இடுப்பு எப்படி இருக்கு அண்ணி?"

"இருக்கு... கொஞ்சம் பரவாயில்ல." நாத்தனாரின் பார்வை அவள் பையிலிருந்து எட்டிப்பார்த்த பொம்மைத் தலையில் போய் நின்றது. "டிரெயினிங் எல்லாம் எப்படிப் போகுது?"

"போகுது."

பூட்ஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்கும்மா பேக் பண்ண?"

"அண்ணிக்குக் குடுங்க."

"ஐயையோ, வேண்டாம் வேண்டாம். நீ எடுத்துக்கோ. நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"நானும் சும்மாதான் அண்ணி. நீங்க முதல்ல கை வெச்சீங்க."

"நீதாம்மா முதல்ல. உனக்கே எங்க நேரம் கிடைக்குது, பாவம்."

அந்தப் 'பாவம்' அவளுக்குச் சுட்டது. "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள், இன்னும் மரியாதையாக. மரியாதை ஏற ஏற இருவருக்கும் முகம் இறுகியது. வேண்டாம், நீங்க. வேண்டாம், நீ. நடுவில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் வந்து, பூட்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்து, பணத்தைக் கொடுத்து, பைக்குள் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள். இவர்கள் உபசாரம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது மேசையில் அந்த இடம் காலியாக இருந்தது.

"என்னங்க இது! நாங்க பேசிட்டு இருக்கோம்ல?" என்றாள் நாத்தனார். தேன் குரல் போன இடம் தெரியவில்லை.

"நான் என்னம்மா பண்றது? ரெண்டு பேருமே வேண்டாம் வேண்டாம்னீங்க. அவங்க வேணும்னாங்க."

"வேற செஞ்சு குடுப்பீங்களா?"

"செய்யலாம். ஆறேழு மாசம் ஆகும். விரல் எல்லாம் வீங்கிப்போகுதும்மா, ஒரு ஜோடி தைக்கறதுக்குள்ள." சொல்லிவிட்டு அவர் மறுபடியும் கொட்டாவி விட்டார்.

அதற்குமேல் அங்கே நிற்க அர்த்தமில்லை. பிரிந்து போகவும் வழியில்லை. ஒருத்தி இடப்பக்கம் போனால் மற்றவள் வலப்பக்கம் போய், மறுபடியும் ஏதோ ஒரு மேசையில் முட்டிக்கொள்ளத்தான் போகிறார்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள் நாத்தனார். இல்லை என்று அவள் தலையசைத்தாள். கூடத்தின் பின்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு படிக்கட்டு இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

அவளிடம் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் இருந்தன. நாத்தனாரிடம் இரண்டு ஆப்பிள். பைகளை நசுக்க மனமில்லாமல் பொம்மைகளை வெளியே எடுத்து நடுவில் உட்காரவைத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: இரண்டுக்கும் ஒரே அச்சு, ஒரே முகம். நாத்தனாருடையவளுக்குக் கட்டை முடி, இவளுடையவளுக்கு நீள முடி. இரண்டு பேரும் வெறுங்கால். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்ததுபோல, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"எத்தனை வருஷமா அண்ணி?"

"ஆச்சு, நாலஞ்சு வருஷம். பல் கிளினிக்ல பொழுதன்னைக்கும் வாயைத் திறந்துட்டுக் கத்தறவங்களையே பாக்கறேன். இதுங்க வாயை மூடிட்டு இருக்குங்க. அதான்."

அவள் சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. கணவன்.

"டிரெயினிங்ல இருக்கியா? ஒரு நிமிஷம். அம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க. நான் செஞ்சதுல உப்பே இல்லையாம். என்ன பண்ணணும்?"

"உப்பு போடணும்" என்றாள்.

"போட்டேன். இப்ப கரிக்குதாம். நீ எப்ப வருவ?"

"சாயந்திரம் ஆகும்."

அவன் பெருமூச்சு விட்டு வைத்தான். அடுத்த நொடியே நாத்தனாரின் போன் அடித்தது. அதுவும் அவன்தான். நாத்தனார் வாயிலிருந்த ஆப்பிள் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தொண்டையைச் சரி செய்துகொண்டாள். "சொல்லுடா... படுத்துட்டேதான் இருக்கேன்... திரும்பிக்கூடப் படுக்க முடியலடா... வரணும்னுதான் நினைச்சேன், என்னன்னு சொல்ல..."

எதிரில் உட்கார்ந்து இந்தக் குரல் உருவாவதைப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. புருவம் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, நிஜமாகவே நோயாளி ஆகிவிட்டாள் நாத்தனார். அவளுக்கு முதலில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. போன் வைக்கப்பட்டபோது சிரிப்பு எங்கேயோ பாதி வழியில் திசைமாறிப் போயிருந்தது.

"என்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்க, இல்ல?"

நாத்தனார் கன்னத்தில் ஒதுக்கியிருந்த ஆப்பிளை மென்று விழுங்கினாள்.

"ஒவ்வொரு தடவையும் நம்பினேன் அண்ணி. உங்களுக்குத் தலைவலின்னா, அய்யோ பாவம்னு நினைச்சேன். காய்ச்சல்னா, மருந்து சாப்பிடுங்கன்னு சொன்னேன். நேத்துகூட இடுப்புக்கு ஒத்தடம் குடுங்கன்னு சொல்லச் சொன்னேன்."

"சொன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் அந்த வீட்டுக்கு வந்தா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமா?" நாத்தனார் கையிலிருந்த ஆப்பிளை டப்பா மூடியில் வைத்தாள். "உள்ள கால் வெச்சதும் அம்மா ஆரம்பிப்பா. 'நான் பெத்தவ விருந்தாளி மாதிரி வந்து போறா. வந்தவ பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கறா. அவ கை பட்டாலே எனக்கு வலி போயிடுது. நீயும் இருக்கியே, தலை வாரிவிடச் சொன்னா முடியைப் பிடுங்கற.' கிளம்பற வரைக்கும் உன் புராணம்தான்."

அவள் வாயில் போட்ட ரொட்டி அப்படியே நின்றது. "என்னைப் பத்தியா? அத்தையா?"

"வேற யாரு?"

"என்கிட்ட ஒரு நாள்கூட... அண்ணி, என்கிட்ட என்ன சொல்வாங்க தெரியுமா? 'என் பொண்ணா இருந்தா தலையணையை இப்படியா வைப்பா? என் பொண்ணு தலை வாரிவிட்டா பூ மாதிரி இருக்கும். அவளுக்கு வேலை ஜாஸ்தி, இல்லேன்னா உன்னை எதுக்கு நான் கெஞ்சணும்?'"

"பூ மாதிரியா?"

"பூ மாதிரி."

"போன தடவை, முடியைப் பிடுங்கறேன்னு என் கையைத் தட்டிவிட்டா!"

அதற்கப்புறம் இருவரும் ஒருத்திக்கொருத்தி போட்டி போட்டுக்கொண்டு எடுத்துவிட்டார்கள். கஞ்சி சூடு, வெந்நீர் சூடு, போர்வை மடிப்பு, செருப்புச் சத்தம். ஒரே கழி, இரண்டு முதுகு. இவளை அடிக்க அவள், அவளை அடிக்க இவள். நாத்தனார் மாமியார்போல உதட்டைச் சுழித்துக் காட்டியதும், அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காவல்காரர் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, இரண்டு பெண்களையும் இரண்டு பொம்மைகளையும் கண்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டு போனார்.

சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு முன்பைவிடக் களைப்பாக இருந்தது. சிரிப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

"ஆனா அண்ணி," என்றாள், முட்டை ஓட்டைப் பொறுக்கிக் காகிதத்தில் போட்டபடி. "அந்தப் பேச்சைக் கேக்க முடியலைன்னு நீங்க வராம இருந்துட்டீங்க. நான் எங்க போறது? உங்களுக்கு அது வந்துட்டுப் போற நேரம் மட்டும். எனக்கு விடிஞ்சா எழுந்தா அதுதான். கோபமா சொல்லல. கோபப்படக்கூட முடியல எனக்கு. அவ்வளவு அசதியா இருக்கு."

நாத்தனார் தன் பொம்மையின் கட்டை முடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். தேன் இல்லாத, கரகரத்த குரல். "தெரிஞ்சுதான் வராம இருந்தேன். வந்து உன் மூஞ்சியைப் பாத்தா இன்னும் தெரிஞ்சிடும்னு வராம இருந்தேன்."

மன்னிப்பு என்று அதில் எந்த வார்த்தையும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மதியத்துக்குமேல், தளர்ந்துபோன பொம்மைக்கு எலாஸ்டிக் கயிறு மாற்றிக் கட்டுவது எப்படி என்று ஒருவர் செய்து காட்டுவதாக இருந்தது. நாத்தனாரின் பொம்மைக்கு ஒரு முழங்கால் தொளதொளத்துப்போயிருந்ததால், போய் உட்கார்ந்தார்கள். விளக்கை மங்கலாக்கி, பெரிய திரையில் ஒரு பொம்மைக் கையின் உட்புறத்தைக் காட்டினார்கள். "கயிறை ரொம்ப இழுக்காதீங்க, இழுத்தா ஒரு நாள் அறுந்துடும்" என்று அந்த மனிதர் சொன்னதுவரை அவளுக்கு நினைவிருக்கிறது. பிறகு மெத்தென்ற ஓர் இருட்டு.

விழித்தபோது கூடத்தில் விளக்குகள் எரிந்தன. முன்வரிசை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் தலை நாத்தனாரின் தோளில் இருந்தது. தோளில் எச்சில் ஈரம். நாத்தனார் இரண்டு பொம்மைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வைத்த சிலைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ! எவ்வளவு நேரமாச்சு? ஏன் எழுப்பல?"

"எழுப்பினா எங்க போகப்போற? வீட்டுக்குத்தானே."

"அசையாமயே உட்காந்திருந்தீங்களா?"

"அசைஞ்சா நீ விழுந்திருப்ப." எழுந்திருக்கப் பார்த்த நாத்தனார், பாதியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு இடுப்பில் கை வைத்தாள். "அம்மாடி... இப்ப நிஜமாவே பிடிச்சுக்கிச்சு."

"வாய் முகூர்த்தம்" என்றாள் அவள். வஞ்சகமில்லாமல்தான் சொன்னாள்.

மேசைகளை மூட ஆரம்பித்திருந்தார்கள். அவசர அவசரமாக ஒரு சுற்று வந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நாத்தனார் பேரம் பேசினாள். அந்தத் தேன் குரல் பேரத்துக்குத்தான் லாயக்கு என்று அவளுக்குத் தோன்றியது. கம்பியை வளைத்துச் செய்த மூக்குக்கண்ணாடி ஒன்றை நாத்தனார் வாங்கினாள். பூட்ஸ்தான் இல்லை, காலாவது மூடியிருக்கட்டும் என்று அவள் ஓர் அம்மாளிடம் சாம்பல் நிறக் காலுறை ஒரு ஜோடி வாங்கினாள். ஊசிமுனை அளவுக் கண்ணிகள் போட்டுப் பின்னியது. மேசை ஓரத்திலேயே வைத்து மூத்தவளுக்கு மாட்டிவிட்டாள். அகலப் பாதத்துக்கும் தாராளமாக நுழைந்தது. பின்னிய அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நல்ல பாதம்" என்றாள். அன்றைக்கு நேருக்கு நேராக அவள் காதில் விழுந்த ஒரே பாராட்டு அதுதான்.

பேருந்து நிறுத்தத்தில் நாத்தனாரின் வண்டிதான் முதலில் வந்தது. அவள் ஏறவில்லை.

"போயிடுச்சே அண்ணி!"

"போகட்டும். அடுத்தது உன் பஸ்தானே? நானும் வர்றேன்."

"இடுப்பு?"

"அங்க வந்து வலிக்கட்டும்."

வழியில் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டார்கள். டிரெயினிங் முடிந்துவிட்டது, வழியில் பார்த்தோம், இடுப்பு தேவலை. மூன்று பொய்யையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்தால் நிற்கும்போலத்தான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்த கணவன், சட்டையெல்லாம் ஈரமாக, தலைமுடி கலைந்து நின்றவன், மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், அக்காவின் சட்டையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த சீட்டைப் பார்த்தான்.

"யாரு மகாராணி?"

நாத்தனார் சடக்கென்று கிழித்துக் கைக்குள் கசக்கினாள். கசிகிற இடத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவன், மனைவியின் சட்டையைப் பார்க்கத் தவறுவானா? "அப்ப நீ மூத்தவளா? ரெண்டு பேருக்கும் ஒரே டிரெயினிங்கோ?"

அவளுக்குப் பொய்யைத் தூக்கிப் பிடிக்கக்கூடக் கையில் வலுவில்லை. "டிரெயினிங் எல்லாம் இல்ல. பொம்மைக் கூட்டத்துக்குப் போனேன். அண்ணியை அங்கதான் பாத்தேன்."

"சொல்லிட்டுப் போயிருக்கலாமே. வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க. 'அப்ப அம்மாவுக்கு என்ன பண்ணணும்'னு கேட்டுட்டு வாசல்ல நிப்பீங்க. அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

அவன் ஈரமான தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். காலையிலிருந்து அந்த அறைக்கும் சமையலறைக்கும் அவன் எத்தனை நடை நடந்திருப்பான் என்பது அந்தச் சட்டையிலேயே தெரிந்தது. "ஒரு நாளைக்கே எனக்கு மூச்சு முட்டுது" என்றான், யாரையும் பார்க்காமல். வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டான்.

உள்ளறையில் மாமியார் தலையணையில் சாய்ந்திருந்தாள். பேச்சுக்குரல் கேட்டதிலிருந்தே யாருக்காகவோ வாயைத் தயார் செய்து வைத்திருப்பாள் போலிருக்கிறது. மருமகள் நுழைந்ததும், "வந்தியா? என் பொண்ணா இருந்தா..." என்று ஆரம்பித்தாள். மருமகளுக்குப் பின்னால் அந்தப் பொண்ணே நுழைந்தாள். பேச்சு நின்றது. மாமியார் இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். இவளைச் சொல்லி அவளைக் குத்தலாம் என்றால் இவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளைச் சொல்லி இவளைக் குத்தலாம் என்றால் அவளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கிழவிக்கு அப்படி ஒரு சங்கடம் அதுவரை வந்ததில்லை. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள்.

"எதிர்வீட்டு மருமக இருக்காளே," என்றாள் கடைசியில், "அவளுக்கு இருக்கற பொறுப்பு உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துக்கூட இல்ல."

நாத்தனாருக்குப் புரையேறியது. அவள் முதுகில் தட்டுகிற சாக்கில் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லம்மா." நாத்தனார் கைப்பையைக் கதவு மூலையில் வைத்து, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள். "சீப்பு எங்க இருக்கு? வெந்நீர் போடணுமா? டேய், நீயும் வா, இங்க வந்து நில்லு. தூக்கும்போது எந்தப் பக்கம் பிடிக்கணும்னு பாத்துக்கோ. இனிமே ஒவ்வொரு தடவையும் கேக்கக்கூடாது."

"நான் எடுத்துத் தர்றேன் அண்ணி" என்று அவள் அலமாரிப் பக்கம் நகர்ந்தாள்.

"நீ போய்ப் படு."

"இப்பவா? இன்னும் வெளிச்சமே போகல."

"போகலைன்னா கண்ணை மூடிக்கோ. போ." நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரப் பாக்கறேன். வாக்கு எல்லாம் குடுக்க மாட்டேன். பாக்கறேன், அவ்வளவுதான்."

அவள் அதை முழுசாக நம்பவில்லை. பாதி நம்பினாள். நம்பிக்கைக்கும் தெம்பு வேண்டும், இன்றைக்கு இருப்பது பாதிக்குத்தான் வரும்.

அறைக்குப் போய்க் கட்டிலில் விழுந்தாள். கடிகாரத்தைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்த மூத்தவளை எடுத்துப் பரணில் வைக்க வேண்டும் என்று நினைத்தாள், எழுந்திருக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், "முடியைப் பிடுங்காதடி" என்று மாமியாரின் குரலும், "ஆடாம இரும்மா" என்று நாத்தனாரின் குரலும், "இந்தப் பக்கமா பிடிக்கணும்?" என்று கணவனின் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிறார்களா என்று இன்னும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள், பழக்கதோஷம். ஜன்னல் வழியே சாயந்திர வெயில் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. புரண்டு படுத்து, வாய் நிறைய, சத்தமாக ஒரு கொட்டாவி விட்டு, தூங்கிப்போனாள்.